நான்காம் கம்பி

இதை வாசிக்க முன்வந்திருக்கும் பெரியோர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். வங்கிப் பணியில் இருந்த காலமெல்லாம் நான் எழுதியவை கடன் விண்ணப்பங்களின் ஓரத்தில் இடும் குறிப்புகள்தாம். கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று ஒருபோதும் எண்ணியதில்லை, இப்போதும் எண்ணவில்லை. திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன உரிமை என்று எவரேனும் கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஆயினும் நடந்ததை வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, தாசம்மாளிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதுங்க சேச்சி," என்றார். "ஆனா அவியளுக்க பாட்டெ மட்டும் கேலியா எழுதிடப்பிடாது."

தம் கணவரின் பாட்டைப் பற்றி அவர் விதித்த அந்த நிபந்தனையை மீறாமல் எழுத முயல்கிறேன்.

என் கணவர் மஹேஷ் கப்பல்களின் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளராகக் கனடாவின் மேற்குக் கரையில் நெடுங்காலம் வேலை பார்த்தார். அங்கே உடன் பணிபுரிந்தவர்கள் விடுமுறை நாட்களில் சால்மன் பிடிக்கப் படகில் போவார்கள். இவரும் போவார். மீனை வாயில் வைத்தறியாத மனிதர், மீன் பிடிக்கும் கருவியின்மீது மாளாத ஆசை கொண்டுவிட்டார். ஓய்வு பெற்றுத் திருவனந்தபுரம் திரும்பியபோது எங்கள் உறவினருக்குச் சாக்லேட்டும், தமக்கென்று நான்கு டவுன்ரிகர்களும் கொண்டுவந்தார்.

டவுன்ரிகர் என்பது பெரிய சங்கதியன்று. படகின் விளிம்பில் திருகிப் பொருத்தும் ஓர் உருளை. அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி. உருளையில் மெல்லிய எஃகுக் கம்பி. அந்தக் கம்பியைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடிக்க ஓர் இரும்புக் கை. கம்பியின் முனையில் கனத்த ஈயக் குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்குச் சற்று மேலே ஒரு கவ்வியில் மாட்டிவிட்டால், குண்டு எந்த ஆழத்துக்கு இறங்குகிறதோ அந்த ஆழத்திலேயே பொய்மீனும் போகும். படகு மெல்ல நகர, அது உயிருள்ளதுபோலப் பின்னே நீந்திவரும். நிஜ மீன் கடித்து இழுத்தால் கவ்வி தானாக விட்டுவிடும், தூண்டில் விடுபடும், குண்டு தன் இடத்தில் நிற்கும். ஒன்று வைத்தால் ஓர் ஆழம், நான்கு வைத்தால் நான்கு ஆழம். ஒன்றோடொன்று சிக்காமல் நான்கையும் ஒரே படகில் வைப்பதில்தான் வித்தை இருக்கிறது என்பார் என் கணவர்.

எங்கள் தெருவில் இதை யாரும் எளிதில் விட்டுவிடவில்லை. எதிர்வீட்டுச் சாம்பசிவன் மாமா ஒருநாள் வழிமறித்துக் கேட்டார்.

"ஏண்டா மஹேஷ், மீனைப் பிடிச்சு என்ன பண்ணப்போறே?"

"விட்டுடுவேன் மாமா."

"அப்போ கல்யாணத்துக்குப் போய், இலையிலே உக்காந்து, சாம்பாரோட எழுந்து வர்ற கேஸு."

"பிடிக்கறதுலேதான் மாமா ரசம்."

"ரசத்துக்கு முன்னாடியே எழுந்துண்டுடறயே, அதான் சொல்றேன்."

இவர் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். எனக்குத்தான் சற்றுக் கூச்சமாக இருந்தது.

படகுக்காக விழிஞ்ஞத்தில் விசாரித்தபோது கிடைத்தவர் யோசுவா. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம்; அவருடைய தகப்பனார் காலத்திலேயே துறைமுகத்தருகில் குடியேறியவர்கள். சுற்றுலா வருபவர்களை ஃபைபர் வள்ளத்தில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். தூண்டில் போட விரும்புகிறவர்களையும் அழைத்துப் போகலாம், இந்தக் கடலில் சால்மன் இல்லாவிட்டாலும் நெய்மீன், அதாவது வஞ்சிரம், இருக்கிறது என்று என் கணவர் அவருக்கு ஆசை காட்டியிருந்தார். பொருத்தும் நாளன்று மரப்பலகைகளையும் திருகாணிகளையும் தூக்கிக்கொண்டு நானும் உடன் போனேன்.

யோசுவா ஈயக் குண்டு ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"சாரே, இது மீனு பிடிக்கவா, கெணறு தூர்க்கவா?"

"கனம் இருந்தாத்தான் யோசுவா கம்பி நேரா நிக்கும். இல்லேன்னா தண்ணி பின்னாலே தள்ளிண்டு போயிடும்."

ஃபைபர் மெலிதாக இருந்ததால் விளிம்புக்கு அடியில் பலகை வைத்து இறுக்கினார்கள். பக்கவாட்டில் வலமொன்று, இடமொன்று. அவற்றின் கைகள் நீளமானவை, நன்றாக வெளியே நீண்டு நிற்பவை. பின்மூலைகளில் வலமொன்று, இடமொன்று. அவற்றின் கைகள் குட்டையானவை. என் கணவர் பக்கத்திலுள்ளவற்றை ஒன்று, இரண்டு என்றும், பின்வலத்தை மூன்று என்றும், பின்னிடத்தை நான்கு என்றும் பெயிண்டால் எழுதினார். பிறகு, வகுப்பில் பாடம் ஒப்பிப்பவர்போல விதிகளைச் சொன்னார்: பின்னால் இருப்பவை ஆழமாகப் போக வேண்டும், பக்கத்தில் இருப்பவை மேலாகப் போக வேண்டும், இறக்கும்போது பின்னவை முதலில், எல்லாவற்றையும்விட முக்கியம், நான்கும் கடலில் இருக்கும்போது வள்ளத்தைச் சட்டென்று திருப்பவே கூடாது. திருப்பினால் உள்பக்கக் கம்பி தளர்ந்து தொங்கும், வெளிப்பக்கக் கம்பி வீசி வந்து அதன்மேல் விழும்.

"அப்போ பின்னால ரெண்டும் அண்ணன்மாரு, பக்கத்தில ரெண்டும் தம்பிமாரு," என்றார் யோசுவா.

"அண்ணன்மார்தான் அடியிலே போகணுமா?"

"எங்க வீட்டில அப்பிடித்தான் சாரே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொன்ன பிறகு திருகாணியை இறுக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

அப்போது ஓர் இளம்பெண் தூக்குப்பாத்திரத்தில் சாயா கொண்டுவந்தாள். யோசுவாவின் அண்ணன் மகள் ஷெமி. நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள் என்றும் அடுத்த மாதம் அவளுக்குத் திருமணம் என்றும் யோசுவா அறிமுகம் செய்தார். நான் வாழ்த்துச் சொன்னேன்.

"நடந்தா பாக்கலாம் சேச்சி," என்றாள் ஷெமி. "எனக்க கல்யாணத்துக்கு எனக்க அம்மையே தடை."

மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று எண்ணினேன். அதுவல்ல. யோசுவா விளக்கினார். அவருடைய அண்ணன் ராஜையன், அந்தப் பெரிய புயல் வந்த ஆண்டில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் அவர் எப்போதோ இறந்துவிட்டவர். மனைவி தாசம்மாள் கணக்கில் அப்படியில்லை.

அவர்கள் சபையில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை வாசிப்பார்கள். போதகர் எழுந்து, இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணம் செய்துகொள்ளப்போகிறார்கள், இதற்குத் தடை அறிந்தவர் யாராவது இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பார். தகப்பன் உயிரோடிருந்தால் அவர் வந்து சம்மதம் தர வேண்டும். இல்லையென்றால் பெயருக்கு முன்னால் 'மரித்துப்போன' என்று வாசிக்க வேண்டும். முதல் ஓலை வரும் ஞாயிறு.

"அந்த வார்த்தையெ வாசிச்சா நான் எழும்பி நிப்பேன், தடை உண்டுண்ணு சொல்லுவேன்னு மயினி நிக்கியாவ," என்றார் யோசுவா, அண்ணியைக் குறித்து. "சொன்னா செய்வாவ."

"அபின் வீட்டில இப்ப பொறுத்துக்கிட்டாவ," என்றாள் ஷெமி, மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி. "சபை நடுவில அம்ம எழும்பி நிண்ணா, பின்னே அவிய நிக்க மாட்டாவ." பாத்திரத்தை மூடியபடி, "அம்மையெ குத்தம் சொல்லவும் முடியல்ல. அப்பா செத்ததுக்கு எனக்கும் ஒண்ணும் காட்டித் தந்ததில்லியே," என்றாள்.

அவள் போன பிறகு யோசுவா குண்டை மறுபடியும் கையில் எடுத்தார்.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா. வெள்ளோட்டம் எங்க வேணும்னாலும் விடலாமில்லியா? ஊமைப்பாருக்கு மேல விடுவோம். அண்ணனுக்க வள்ளத்தெ கடைசியா அங்கதான் பாத்திருக்கு."

பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. ஊமைப்பாரின்மீது அலை உடைவதில்லை. அதனால் அந்தப் பெயர்.

"வலை போட்டா கிழிஞ்சு போவும். நங்கூரம் போட்டா ஒரு எடம்தான் தொடும். இது நாலு ஆழத்தில நடந்து போவுதில்லியா? ஏதாவது ஒண்ணு, ஒரு பலகையோ கயிறோ தடுத்தாப் போரும். மயினி கையில குடுத்திரலாம்."

என் கணவர் உடனே ஒப்புக்கொண்டார். நான் சற்றுத் தயங்கினேன். இறந்தவரைத் தேடப் போகும் படகில் நமக்கு என்ன வேலை என்று தோன்றியது.

வியாழன் காலையில் புறப்பட்டோம். புதிய துறைமுகத்தின் கிரேன்களுக்கு அப்பால், பெரிய கப்பல்கள் வரும் பாதையிலிருந்து விலகித் தெற்கே போனோம். வழியில் யோசுவா தம் அண்ணனைப் பற்றிப் பேசினார்.

"அண்ணன் கொயர்ல பாடும். அடித்தொண்டை. ஒரு கொழப்பம் மட்டும். எல்லாரும் பாட்டெ நிறுத்தினப்பிறவும் அது மட்டும் இழுத்துக்கிட்டு நிக்கும். போதகர் கையைக் காட்டி 'ராஜையா, ஆமென் சொல்லியாச்சு'ம்பாரு. சபை முழுக்கச் சிரிக்கும். அடுத்த ஞாயிறும் அதே கதைதான்."

பாரின் விளிம்பை அடைந்ததும் வேகத்தைக் குறைத்தார். என் கணவர் பின்மூலைகளிலிருந்து தொடங்கினார். பொய்மீனைத் தண்ணீரில் விட்டு, அது பின்னே சீராக நீந்துகிறதா என்று பார்த்து, நரம்பைக் கவ்வியில் மாட்டி, கைப்பிடியைத் தளர்த்திக் குண்டை மெல்ல இறக்கினார். நான்காவதை எல்லாவற்றிலும் ஆழமாக விட்டார். பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. நான்கு தூண்டில்களும் வில்லாக வளைந்து நின்றன.

சற்று நேரத்தில் ஓர் ஓசை கேட்கத் தொடங்கியது. எஞ்சினின் ஓசை அன்று. நீரைக் கிழித்துப் போகும் கம்பிகள் அதிர்வதால் எழும் ரீங்காரம். கனடாவிலும் அப்படித்தான் கேட்கும் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். ஆனால் நான்கு கம்பிகளை ஒன்றாக நான் கேட்டது அதுவே முதல் முறை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவர் சிறுவயதில் வாய்ப்பாட்டுக் கற்றவர். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு தம்புரா இருக்கிறது. விடியற்காலையில் அவர் பாடுவார், நான் மீட்டுவேன். தம்புராவுக்கும் நான்கு தந்திகள். நான்காவது, எல்லாவற்றிலும் தாழ்ந்து ஒலிக்கும் மந்தர சட்ஜம். ஆகவே கடலுக்கு நடுவில் நான்கு கம்பிகள் ஒலிக்கக் கேட்டதும் அவர் மீனையும் மறந்தார், வந்த காரியத்தையும் மறந்தார்.

"யோசுவா, வேகத்தை ஒரு பொட்டு குறைக்கணும். ஆங். போரும், போரும்."

முதல் கம்பி பஞ்சமம். இரண்டும் மூன்றும் ஏறத்தாழ ஒரே சட்ஜம். நான்காவது மட்டும் எதிலும் சேராமல் மேலே எங்கோ சிணுங்கிக்கொண்டிருந்தது. இவர் அதன் ஆழத்தைச் சற்று மாற்றினார், மறுபடி மாற்றினார். சேரவில்லை. பாரின் நடுப்பகுதிக்கு மேல் வந்தபோது, யாரும் தொடாமலேயே அது தாழ்ந்தது. தாழ்ந்து தாழ்ந்து, மற்ற மூன்றுக்கும் அடியில் போய்ச் சரியாக அமர்ந்தது.

"கேட்டியா பத்மா," என்றார் இவர், கண்களை மூடியபடி. "தானே சேர்ந்துடுத்து. இப்போ நாலும் சரியா ஓடறது."

என் காதுக்கும் அது சேர்ந்தே ஒலித்தது. வேறு எவராக இருந்தாலும் அந்த நேரத்தில் கம்பியைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். கம்பி தானாகத் தாழ்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் அதில் ஏதோ சுற்றிக்கொண்டு அது தடித்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. சுருதி சேர்ந்தால் எல்லாம் நலம் என்றே பழகியவர்கள் நாங்கள்.

யோசுவாதான் பார்த்தார். நான்காவதன் கை, முறியப்போவதுபோல் வளைந்திருந்தது.

"சாரே, கம்பி," என்று சொல்லிக்கொண்டே, இழுப்பைத் தளர்த்துவதற்காக வள்ளத்தை இடப்புறம் திருப்பினார். சட்டென்று திருப்பினார். மூன்றாவது கம்பி வீசி வந்து நான்காவதன்மேல் விழுந்தது. ஒரு கணம் இரண்டும் சேர்ந்து கீச்சிட்டன, மூன்றாவது அறுந்தது. அதன் தூண்டில், தாங்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று. அதைப் பிடிக்கப் பாய்ந்த என் கணவரின் தொப்பியும் போயிற்று. யோசுவா எஞ்சினை நிறுத்தினார்.

வள்ளம் நின்றது. முதல் கம்பியின் ஓசை அடங்கியது. இரண்டாவதன் ஓசை அடங்கியது. நான்காவது ஒலித்துக்கொண்டிருந்தது.

தாழ்ந்த, நீண்ட, ஒரே சுரம். நான் மூச்சை அடக்கிக் கேட்டேன். யோசுவாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கடலின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எல்லாம் நிறுத்தியாச்சு," என்றார் அவர், மிக மெல்ல. "இது மட்டும் இழுக்குது."

"அடியிலே ஒழுக்கு இருக்கும்," என்றார் என் கணவர். "வள்ளம் நின்னாலும் கீழே தண்ணி ஓடிண்டிருக்கும்."

"அப்போ மத்ததுக்குக் கேக்கலியே சாரே."

சிறிது பொறுத்து அந்த ஓசை, பாடுபவர் மூச்சு முடிந்து விடுவதுபோல, நின்றது. கம்பியைச் சுற்றி மேலே கொண்டுவந்தார்கள். குண்டுக்கு மேலே, சிப்பி படர்ந்த ஒரு துண்டு நீலக் கயிறு இறுகச் சுற்றியிருந்தது.

அன்று மாலையே யோசுவா அதைத் தாசம்மாளிடம் கொண்டுபோனார். எங்களையும் வரச் சொன்னார். தாசம்மாள் என்னைவிட இளையவர். ஆனால் அவர் முன்னால் நிற்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கயிற்றை மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"கயிறு கயிறாக்கும் தம்பி. கடல்ல இல்லாத கயிறா? எல்லா வள்ளத்திலயும் இந்த நீலம்தான்."

யோசுவா தலைகுனிந்து நின்றார். கதவோரத்தில் ஷெமி. அப்போது என் கணவர், தேவையில்லாமல் பேசிவிடும் தம் வழக்கப்படி, "ஆனா அந்தச் சத்தம்" என்று தொடங்கி, நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"என்ன சத்தம்?"

சொல்லியாக வேண்டியதாயிற்று. இவர் மிகுந்த மரியாதையோடு, கம்பி எப்படி அதிர்கிறது, தண்ணீரின் வேகத்துக்கும் ஓசைக்கும் என்ன தொடர்பு என்றெல்லாம் விளக்கினார். தாசம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மத்தது நின்னப்பிறவா நின்னுது?"

"ஆமாம். கொஞ்சம் கழிச்சு."

அவர் கயிற்றை மடியிலேயே வைத்துச் சுருட்டினார். பிறகு, "சனியாச்ச என்னையும் கூட்டிக்கிட்டுப் போவணும்," என்றார்.

"மயினி, வள்ளத்தில பெண்ணுங்களெ—"

"இந்தச் சேச்சி பெண்ணில்லியா?"

யோசுவா ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலை துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த லிஜோ என்பவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "யோசுவாச்சாயா, இந்நு ஃபேமிலி டூரா? பிரியாணி உண்டோ?" பின்னால் வந்த தாசம்மாளைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வள்ளம் வெகுதூரம் போகும்வரை துறையிலிருந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது.

ஊமைப்பாரின்மேல் என் கணவர் எஞ்சியிருந்த மூன்றையும் ஆயத்தம் செய்தார். தூண்டிலை எடுத்தபோது தாசம்மாள் தடுத்தார்.

"தூண்டி வேண்டாம் சாரே. கொக்கி போட்டு அவியளெ கூப்பிடாண்டாம்."

குண்டுகளை மட்டும் இறக்கினார். ஒன்றும் இரண்டும் மேலாக, நான்கு ஆழமாக. தாசம்மாள் நான்காவதன் பக்கத்தில், வள்ளத்தின் தரையில் உட்கார்ந்தார். அந்த நீலக் கயிற்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். யோசுவா வள்ளத்தை மெல்ல நடத்தினார். கம்பிகள் ஒலிக்கத் தொடங்கின. முதலில் நான்காவது முன்போலவே சேராமல் சிணுங்கியது. அன்று அதில் கயிறு ஏதும் சுற்றியிருக்கவில்லை. என் கணவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் நிம்மதியடைந்தேன். அது கயிற்றின் வேலைதான், வேறொன்றுமில்லை.

பாரின் நடுவில் அது தாழ்ந்தது.

இவர் எழுந்து கம்பியைப் பார்த்தார். கை வளையவில்லை. கம்பி நேராக, சுத்தமாக, நீருக்குள் இறங்கியிருந்தது. ஓசை மட்டும் அடியில் போய் அமர்ந்திருந்தது. யோசுவா யாரும் சொல்லாமலேயே எஞ்சினை நிறுத்தினார். ஒன்று அடங்கியது. இரண்டு அடங்கியது.

நான்காவது நிற்கவில்லை.

தாசம்மாள் இரும்புக் கையின்மீது நெற்றியை வைத்தார். அந்த அதிர்வு அவர் தலைமயிரிலும் தெரிந்தது. நான் கைகூப்பிவிட்டேன், எந்தத் தெய்வத்தை நினைத்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"இஞ்சேருங்க," என்றார் அவர். அடுப்படியிலிருந்து முற்றத்திலிருப்பவரைக் கூப்பிடும் குரல். "மோளுக்கு நாளைக்கு ஓலை வாசிக்கணும். நல்ல பையன். உங்க சாடை இல்ல, பயப்படாண்டாம்."

ஓசை தொடர்ந்தது.

"பாட்டு முடிஞ்சாச்சு. எல்லாரும் நிறுத்தியாச்சு. கேக்குதா? ஆமென் சொல்லியாச்சு."

அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அது நிற்கவில்லை. தாசம்மாள் தலையைத் தூக்கி யோசுவாவைப் பார்த்தார். தாசம்மாளின் முகத்தில் ஏறத்தாழ ஒரு சிரிப்பு இருந்தது.

"கேக்க மாட்டாவ. உயிரோட இருந்தப்பமும் கேக்க மாட்டாவ."

யோசுவாவின் கை எஞ்சின் பிடியிலேயே உறைந்தது. 'உயிரோட இருந்தப்பம்' என்ற சொல்லைத் தாசம்மாள் வாயிலிருந்து இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை என்று பிற்பாடு சொன்னார். சொன்னவருக்கும் அது தெரிந்திருந்தது. முகத்தை முந்தானையால் ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து நீலக் கயிற்றை எடுத்தார்.

"தம்பி, இந்தக் கம்பி எம்பிடு நீளம்?"

"கொஞ்சம்தான் மயினி விட்டிருக்கு. உருளையில இன்னும் கெடக்கு."

"ஒருக்கா மேல எடு. இதெக் கெட்டணும். அப்புறம் முழுக்க விடணும். பைய. கல்லறையில இறக்கியதுபோல."

குண்டை மேலே கொண்டுவந்தார்கள். தாசம்மாள் தம் கையாலேயே கயிற்றைக் கவ்வியில் மாட்டினார். சிப்பிகள் கீறி விரலில் இரத்தம் வந்தது, பொருட்படுத்தவில்லை. பிறகு யோசுவா ஒரு பக்கமும் என் கணவர் ஒரு பக்கமுமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டியைக் கயிற்றில் இறக்குகிறவர்கள் செய்வதுபோல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரே நிதானத்தில் விட்டார்கள். குண்டு தரையைத் தொட்டதும் கம்பி தளர்ந்தது. அவர்கள் நிறுத்தவில்லை. மீதமிருந்த கம்பியும் சுருள்சுருளாக இறங்கியது. கடைசியில் உருளையோடு முடிந்திருந்த இடம் வந்தது. யோசுவா குறடை எடுத்தார். வெட்டும் முன் தாசம்மாளைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

கம்பியின் முனை ஒருமுறை மின்னிவிட்டு நீருக்குள் போயிற்று.

நான் அந்த இரும்புக் கையைத் தொட்டுப் பார்த்தேன். கம்பி இல்லாத கை. அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்களையும் சபைக்கு அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். போதகர் ஓலையை எடுத்ததும் சபை முழுவதும் அமைதியானது; தாசம்மாளின் சபதம் தெரியாதவர் அங்கே எவரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமாக அமர்ந்திருந்தார்கள். ஷெமி தாயின் முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தது பின்னாலிருந்து தெரிந்தது.

"மரித்துப்போன ராஜையன், தாசம்மாள் ஆகியோரின் குமாரத்தி ஷெமி" என்று போதகர் வாசித்தார். பிறகு தடை அறிந்தவர் சொல்லலாம் என்றார். சொல்லிவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்தினார்.

தாசம்மாள் எழுந்தார்.

முந்தானை ஷெமியின் விரலிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"தடை ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுத் தாசம்மாள் உட்கார்ந்தார்.

அந்தக் கேள்விக்கு அப்படி யாரும் பதில் சொன்னதில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்து பாடினார்கள். ஷெமியால் பாட முடியவில்லை. பாட்டு முடிந்தது. ஆமென் சொன்னார்கள். கீபோர்டு வாசித்தவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகும் அடியில் ஒரு சுரம் இழுத்துக்கொண்டு நின்றது.

நான் கேட்டதாகத்தான் நினைக்கிறேன். என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். முன்வரிசையில் தாசம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு மனிதர் செய்யும் பழகிய பிழையைக் கேட்டவர்போல, தலையை மட்டும் இலேசாக அசைத்தார்.

இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். மூன்றாம் டவுன்ரிகரின் குண்டும், கம்பியில் பாதியும், தூண்டில் ஒன்றும், என் கணவரின் தொப்பியும். நான்காவதன் குண்டு, கவ்வி, கம்பி முழுவதும், ஒரு துண்டு நீலக் கயிறு. எங்கள் வீட்டுத் தம்புராவில் நான்காம் தந்தி. அதை என் கணவர் கழற்றிவிட்டார். ராஜையன், தாசம்மாளின் கணவர், ஷெமியின் தகப்பன், கொயரில் அடிக்குரல்.